ஓ-யொரோயா, தோசெய் குசோகுவா?

சாமுராய் கவசம் என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. ஜப்பானின் ஹெயான் காலத்து (794–1185) ஓ-யொரோய் குதிரையேறி அம்பு விடுபவனுக்கானது. இரும்பிலும் பதனிட்ட தோலிலும் சின்னஞ்சிறு செதில்களை வெட்டி, அரக்குப் பூசி, பட்டுக் கயிற்றால் வரிசை வரிசையாகக் கோத்தார்கள். வில்லாளிக்கு இரண்டு கையும் வேண்டும், கேடயம் பிடிக்க முடியாது. அதனால்தான் தோள்களில் அந்தப் பெரிய பலகைகள். நாண் சிக்காமல் வழுக்கிப் போக மார்பில் வழவழப்பான தோல். இந்த யோசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்! ஆனால் மழையில் நனைந்தால் பட்டுக் கயிறு நீரைக் குடித்துக் கனக்கும்.

1543இல் ஜப்பானின் தெற்கிலுள்ள தனெகஷிமா தீவுக்குத் துப்பாக்கி வந்தது. அப்புறம் பரவிய தோசெய் குசோகுவில் செதில்களின் இடத்தைப் பெரும்பாலும் இரும்புத் தகடுகள் பிடித்தன, கயிறும் குறைந்தது. செய்வது எளிது, தரையில் நின்று போரிடவும் வசதி.

அடையாளம் என்று பார்த்தால், பழையதில் கயிற்றின் நிறமே பேசியது. புதியதில் தலைக்கவசம் பேசியது: சாமுராய்த் தலைவர்களில் தாதே மசமுனேவுக்குப் பிறைநிலா, நவோயே கனெத்சுகுவுக்கு ‘அன்பு’ என்னும் எழுத்து. சிலர் தும்பியை வைத்தார்கள். அது பின்வாங்காத பூச்சியாம்.

கைவேலைக்கு என் ஓட்டு ஓ-யொரோய்க்கே. போருக்குப் போவதென்றால் குசோகுதான்.