அம்மாவின் மாத்திரை அட்டை

இந்த முறை லண்டனிலிருந்து ஊருக்குப் போனது அம்மாவுக்காகத்தான். வேலூரைத் தாண்டி, கணியம்பாடி பக்கம் எங்கள் ஊர்.

அம்மாவுக்கு 76 வயது. மறதி தொடங்கி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அண்ணன் டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். "வயசானா அப்படித்தான்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷரும் சுகரும் பார்க்க வீட்டுக்கு வரும் பெண்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தவர். "ஆயா, மாத்திரை போடுறியா?" என்று கேட்டிருக்கிறார். "தினம் போடுறேனே" என்றாராம் அம்மா. அந்தப் பெண் அதோடு விடாமல் அலமாரியிலிருந்து அட்டைகளை எடுத்து எண்ணினாராம். பிரஷர் மாத்திரையில் ஒன்றுகூடக் குறையவில்லை. சுகர் மாத்திரை மாதம் பாதியிலேயே தீர்ந்திருந்தது. அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, "இது சாதாரண மறதி இல்லக்கா" என்றிருக்கிறார்.

சென்னையில் ஒரு நினைவாற்றல் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். பென்சிலும் காகிதமும் கொடுத்தால் என்ன செய்வார் என்று பயந்துகொண்டே இருந்தேன். அங்கிருந்த பெண் காகிதத்தையே எடுக்கவில்லை. "சுத்தியல் எதுக்கும்மா?" "ஆணி அடிக்க. ஏன், உங்க வீட்ல இல்லையா?" சிரித்துவிட்டோம். அப்புறம் பத்து வார்த்தைகளை நிதானமாகச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொன்னார். சில நிமிடம் கழித்து மறுபடி கேட்டபோது அம்மாவுக்கு ஒன்றுகூட வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் பொருந்துகிற இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பின்னால் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. 10/66 என்ற ஆராய்ச்சிக் குழு 2000-களின் தொடக்கத்தில் சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களிடம் பேசியது. டிமென்ஷியா என்கிற மறதி நோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வசதி குறைந்த நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்து சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதால்தான் அந்தப் பெயர். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-இல் வந்த ஆய்வு சொல்கிறது.

எங்கள் ஊரில் கற்ற பாடம் எங்கள் ஊர் வாசலுக்குத் திரும்பி வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. பிரஷர், சுகர், காது கேளாமை, பார்வைக் குறைவு இதெல்லாம் டிமென்ஷியாவுக்கு வழிவிடும் காரணங்கள் என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு பட்டியலிட்டது. அப்படிப் பார்த்தால் பிரஷர் மெஷினோடு வாசலில் வந்து நிற்கும் அந்தப் பெண் பாதி வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார். கோவாவில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வாரம் மட்டும் பயிற்சி கொடுத்து டிமென்ஷியா உள்ளவர்களின் வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பராமரிப்பவர்களின் மன உளைச்சல் குறைந்தது. அண்ணி தூங்கி எத்தனை நாளாகிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கு அப்படி ஒருவர் வேண்டும்.

சரி, கிடைப்பதைச் சொல்கிறேன். முதியோர் உதவி எண் 14567, தமிழில் பேசலாம். கிண்டியில் 2024-இல் திறந்த 200 படுக்கை முதியோர் மருத்துவமனை இருக்கிறது.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஏழு அறை உள்ள, பூட்டுப் போடுகிற மாத்திரை டப்பா ஒன்று வாங்கி வந்தேன். அந்தப் பெண்ணே உட்கார்ந்து ஒவ்வொரு மூடியிலும் ஞாயிறு, திங்கள் என்று எழுதி ஒட்டினார். சாவியை மட்டும் அண்ணியிடம் கொடுக்கச் சொன்னார்.