‘தமிழ்’ எத்தனை எழுத்து? நான்கு ஸ்கிரிப்டிங் மொழிகளிடம் கேட்டபோது

அன்றாட வேலைகளுக்குச் சின்னச் சின்ன நிரல் எழுத உதவும் ஸ்கிரிப்டிங் மொழிகளில் எதைப் படிக்கலாம் என்று யாராவது கேட்டால் ‘பைத்தான்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு சின்னச் சோதனை வைத்துப் பார்த்தேன். ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்து, இதன் நீளம் என்ன?

நமக்கு மூன்று. பைத்தானும் ரூபியும் ஜாவாஸ்கிரிப்ட்டும் ஐந்து என்கின்றன. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பிடித்தவை. பெர்லிடம், நிரலில் இருப்பது யூடிஎஃப்-8 (யூனிகோடை பைட்களாகச் சேமிக்கும் முறை) என்று முன்கூட்டிச் சொல்லாமல் கேட்டால் 15 வருகிறது. அது எண்ணியது பைட்களை, அதாவது கணினியின் சேமிப்பு அலகுகளை. அந்த ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். சொல்லிவிட்டுக் கேட்டால் அதுவும் ஐந்துக்கு வந்துவிடும்.

இதோடு பெர்லை ஒதுக்கிவிடாதீர்கள். அடுத்த சோதனையில் சறுக்கியது பைத்தான்தான். உரையில் வடிவம் பார்த்துத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொற்களைப் பிடிக்க எல்லோரும் பயன்படுத்தும் ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ’ (\w) இருக்கிறதே, அதன் கணக்கில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்தே இல்லை. ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டுகளாக வெட்டித் தருகிறது. ஒருமுறை சொற்பட்டியல் தயாரிக்கப் போய், ஒற்றை எழுத்துகளாக ஒரு குவியல் கிடைத்தபோதுதான் எனக்கே இது தெரிந்தது. யூடிஎஃப்-8 என்று சொல்லிவிட்ட பெர்ல் அதே கட்டளைக்குச் சொல்லை முழுசாகத் தருகிறது. 1987இல் லாரி வால் அதை எழுதியதே உரைகளைச் சலித்து அறிக்கை எடுக்கத்தானே! சிக்கல் வேறிடத்தில்: ஆறு மாதம் முன்பு நான் எழுதிய பெர்ல் நிரல் இன்று எனக்கே புரிவதில்லை.

ரூபி ஜப்பான்காரரான மாட்சுமோட்டோ உருவாக்கியது, 1995இல் வெளிவந்தது. 2.5 பதிப்பிலிருந்து சொல்லை கிராஃபீம்களாக, அதாவது கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் துண்டுகளாகப் பிரிக்கச் சொன்னால் நேராக மூன்று என்கிறது. எழுதவும் சுகமான மொழி. ஆனால் வேலை விளம்பரங்களில் என் கண்ணில் அது படுவது அபூர்வம், பட்டாலும் இணையத்தளம் கட்டும் ரூபிச் சட்டகமான ரெயில்ஸோடு சேர்ந்துதான்.

ஜாவாஸ்கிரிப்ட்? இணையப் பக்கம்தான் உங்கள் தொழில் என்றால் யோசிக்க வேண்டாம், பிரவுசர் வேலைக்கு அது இல்லாமல் முடியாது. பிரவுசருக்கு வெளியே அதை ஓட்டும் நோட் 2009இல் வந்தபின் சர்வரிலும் ஓடுகிறது. கோப்புகளைப் புரட்டும் அன்றாட வேலைக்கு எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் பைத்தான்? அடுத்தவர் நிரலைத் திறந்தால் படிக்க முடிகிறது. சேர்ந்து இயங்கும் வரிகளின் தொகுப்பான பிளாக்கைக் காட்டுவதே வரியின் உள்தள்ளல் என்பதால் யார் எழுதினாலும் ஏறக்குறைய ஒரே முகம். எக்செல் கோப்பு, தரவுத்தளம், இயந்திரக் கற்றல் எதுவானாலும் ஏற்கெனவே யாரோ நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழ் எழுத்தெண்ணவும் ‘ஓப்பன் தமிழ்’ என்று ஒன்று இருக்கிறது. அதை நிறுவிக் கேட்டால் மூன்று. பழைய பாடங்களை மட்டும் பார்த்து எடுங்கள்: பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது, ஆனால் அதற்கான பாடங்கள் இன்னும் தேடலில் வந்து விழுகின்றன.

கூடவே, லினக்ஸில் கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் பாஷ் கொஞ்சம். சர்வரில் நுழைந்து லாகில் (சர்வரின் நிகழ்வுப் பதிவில்) ஒரு பிழையைத் தேட, வரிகளைத் தேடும் கிரெப், வரிசைப்படுத்தும் சார்ட், அடுத்தடுத்து வரும் ஒரே வரிகளை ஒன்றாக்கும் யூனிக் மூன்றையும் ஒன்றின் விடை அடுத்ததற்குப் போகும்படி குழாயில் கோத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பாஷ் நிரல் ஐம்பது வரியைத் தாண்டினாலோ, கோப்புப் பெயர்களுக்கு நடுவே இடைவெளி இருந்தாலோ நான் பைத்தானுக்கு மாறிவிடுவேன். தமிழ் உரையைச் சொல் சொல்லாகப் பிரிக்க வேண்டிய நாளில் மட்டும் பழைய பெர்ல்.