டிபி பாக்ஸுக்குள் கலப்பட எம்சிபிகள்: கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள்

திருச்சியில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு வயரிங் ஒப்பந்தம் பேசியபோது, வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பாக்ஸ், மெயின் சுவிட்சாக இருக்கும் ஐசோலேட்டர், மின்கசிவில் துண்டிக்கும் ஆர்சிசிபி, ஒவ்வொரு லைனிலும் மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் எம்சிபி ஆகிய அனைத்தும் ஒரே நிறுவனத்தினுடையவையாக இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருந்தோம். அதற்குரிய விலையையும் ஒப்பந்ததாரர் குறைக்காமல் வாங்கிக்கொண்டார். சுவரில் வந்து உட்கார்ந்த பெட்டியில், மூடியும் ஆர்சிசிபியும் மட்டுமே அந்த நிறுவனத்தினுடையவை. எம்சிபிகளில் பெரும்பாலானவை இன்னொரு நிறுவனத்தினுடையவை. இரண்டு மட்டும் பெயரே கேள்விப்படாத மூன்றாவது நிறுவனத்தினுடையவை. இது குறித்துக் கேட்டபோது, "எல்லாக் கம்பெனி எம்சிபியும் ஒரே சைஸ்தான் சார், ரயிலில் உட்கார்ந்தால் போதும்" என்பதே அவருடைய பதிலாக இருந்தது.

அந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எம்சிபிகளை மாட்டும் உலோகப் பட்டையான டின் ரயிலின் அகலம் எங்கும் 35 மி.மீ.; சிங்கிள் போல் (ஒற்றை முனை) எம்சிபியின் அகலம் ஏறக்குறைய 18 மி.மீ.; மூடியில் உள்ள திறப்பின் உயரம் 45 மி.மீ. இவை பொதுவான அளவுகள் என்பதால் எந்த நிறுவனத்தின் எம்சிபியும் ரயிலில் மாட்டிக்கொள்ளும், மூடியும் வரிசை பிசகாமல் மூடிக்கொள்ளும். ஆனால் கம்பியையும், எம்சிபிகளுக்கெல்லாம் மின்சாரத்தைக் கொண்டுவரும் பட்டையான பஸ்பாரையும் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் எம்சிபியின் உள்ளே எந்த உயரத்தில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீப்பைப் போலப் பல்வரிசை கொண்ட செம்புப் பஸ்பாரின் ஒவ்வொரு பல்லும் ஒரு கிளாம்புக்குள் நேராக நுழைய வேண்டும். அதிலும் சில நிறுவனங்கள் ஊசி போன்ற பல் கொண்ட 'பின்' வகையையும் சில கவை போன்ற பல் கொண்ட 'ஃபோர்க்' வகையையும் பயன்படுத்துகின்றன. ஓர் எம்சிபியின் கிளாம்ப் பக்கத்து எம்சிபியின் கிளாம்பைவிட இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலே ஏதாவது ஒரு பல் சரியாகப் பிடிபடாது.

கோடை தொடங்கியதும் படுக்கையறை ஏசியின் 16 ஆம்பியர் எம்சிபி அடிக்கடி டிரிப் ஆனது, அதாவது தானாகவே விழுந்து மின்சாரத்தைத் துண்டித்தது. ஒன்றரை டன் ஏசி ஓடும்போது எடுத்துக்கொள்வது சுமார் 7 அல்லது 8 ஆம்பியர்தான். ஒப்பந்ததாரர் அனுப்பிய ஆள் ஏசி கம்ப்ரசரைக் குறைசொல்லிவிட்டு, 16 ஆம்பியரைக் கழற்றி அந்த இடத்தில் 32 ஆம்பியர் எம்சிபியை மாட்டிவிட்டுப் போனார். இந்த வேலையைத்தான் நான் மன்னிக்க முடியாததாகக் கருதுகிறேன். அந்த லைனில் பைப்புக்குள் ஓடுவது 2.5 சதுர மி.மீ. கம்பி, அது 32 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்காது. எம்சிபி இருப்பதே கம்பியைக் காப்பதற்காக என்னும்போது, கம்பியின் கொள்ளளவுக்கு மேற்பட்ட எம்சிபியைப் போடுவது காவலை எடுத்துவிடுவதற்குச் சமம்.

டிரிப் நின்றது, ஆனால் பெட்டியருகே பிளாஸ்டிக் கருகும் வாடை வரத் தொடங்கியது. வேறொரு மூத்த வயர்மேனை அழைத்து, மெயினை அணைத்து மூடியைக் கழற்றச் சொன்னோம். ஏசி எம்சிபியின் ஸ்குரூ நன்றாக இறுகியே இருந்தது. ஆனால் பஸ்பாரின் பல் கிளாம்புக்குள் போகாமல் அதன் பின்புறம் செருகி நின்றது. ஸ்குரூ இறுக்கிப் பிடித்திருந்தது வெறும் காற்றை. பல்லின் செம்பு ஊதா கலந்த கருமையாக மாறி, அதையொட்டிய பிளாஸ்டிக் பழுப்பேறி நொறுங்கியது. அடுத்த எம்சிபிக்குப் பல் எட்டவே இல்லை என்பதால் அதை கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டு, ஒரு துண்டுக் கம்பியைப் பக்கத்து முனையிலிருந்து இழுத்து முடித்திருந்தார்கள்.

முன்பு டிரிப் ஆனதன் காரணமும் அப்போதுதான் தெளிவாயிற்று. எம்சிபிக்குள் இருக்கும் இருஉலோகத் தகடு சூடேறி வளைந்தால் சுவிட்ச் விழும். அந்தச் சூடு அதிக மின்னோட்டத்தால் வந்ததா, தளர்ந்த இணைப்பிலிருந்து பரவியதா என்று அதற்குத் தெரியாது. தளர்ந்த இணைப்பு இருக்கும் வரை டிரிப் ஆவதே நமக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை, அதையும் 32 ஆம்பியர் எம்சிபி வாயடைத்துவிட்டது.

எம்சிபிகளில் ஐஎஸ்ஐ முத்திரை இருந்ததே என்று சிலர் கேட்கக்கூடும். ஐஎஸ்/ஐஈசி 60898-1 தரநிலை ஒவ்வொரு எம்சிபியையும் தனித்தனியாகச் சோதிப்பது. அடுத்த நிறுவனத்தின் பஸ்பாரோடு அது பொருந்துமா என்பதற்கு அந்த முத்திரை பொறுப்பேற்காது. மேலும், எங்களுடைய மூன்றாவது நிறுவன எம்சிபிகளில் முத்திரையின் கீழ் இருக்க வேண்டிய சிஎம்/எல் உரிம எண்ணே இல்லை. எண் இருந்தால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டு உடனே சரிபார்க்கலாம். முகப்பில் கட்டத்துக்குள் அச்சிட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள், ஷார்ட் சர்க்யூட்டில் எம்சிபி எவ்வளவு மின்னோட்டத்தைத் துண்டிக்க முடியும் என்பதை அது சொல்லும்: 10 கிலோ ஆம்பியர் பேசியிருந்தால் 10000 என்று இருக்க வேண்டும், எங்களுக்கு வந்ததில் 6000 என்றே இருந்தது.

மூடி போட்டிருக்கும்போது பஸ்பார் கண்ணில் படாது. ஆகவே கடைசித் தவணைக்கு முன், மெயினை அணைக்கச் செய்து, மூடியைக் கழற்றி, ஒவ்வொரு பல்லும் கிளாம்புக்குள் இருப்பதை உங்கள் எதிரிலேயே காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் நிறுவனத்தின் பெயர், ஆம்பியர், கர்வ் (எம்சிபி டிரிப் ஆகும் வகை), எண்ணிக்கை எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். எங்களுக்கு வந்த பில்லில் "டிபி செட் 1" என்ற ஒரே வரிதான் இருந்தது, ஒப்பந்ததாரர் இப்போது அதைக் காட்டியே பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்.

ஒரே நிறுவனத்தின் எம்சிபிகளும் பஸ்பாரும் வாங்கி எங்கள் செலவிலேயே மாற்றிவிட்டோம். கருகிய பஸ்பாரும் கழற்றிய எம்சிபிகளும் பத்திரமாக இருக்கின்றன. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. ஒப்பந்தத் தாளின் நகலோடு எங்கள் புகார் தயாராகிக்கொண்டிருக்கிறது.