தார்லாப்ஸ் பேக்ஸ்1000ஐஆர்2 போலரிமீட்டர்: மெதுவான நகர்வுக்கு வாங்கலாம், மின்னலைப் பிடிக்க வேண்டாம்

பவர் மீட்டரில் அளவு சரி. ஓடிடிஆரில் (ஃபைபரின் நீளமெங்கும் இழப்பைக் காட்டும் கருவி) ஸ்ப்ளைஸ், அதாவது ஃபைபர் இணைப்புகள், எல்லாம் சுத்தம். ஆனாலும் பிட் பிழை வந்து வந்து போகிறது. லிங்க் பார்ப்பவர்களுக்குப் பழகிய தலைவலி இது. ஒளி எந்தத் திசையில் அதிர்ந்தபடி வருகிறது என்பதை, அதாவது போலரைசேஷனை, அந்த இரண்டு கருவிகளும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கத்தான் போலரிமீட்டர். எங்கள் ஃபைபர் ஆய்வகத்தில் நான் அன்றாடம் கையாளும் கருவி இது.

உள்ளே போலரைசேஷனை மாற்றும் சுழலும் கால் அலைத் தகடு, பின்னால் ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் அசையாத போலரைசர், கடைசியில் ஒளியை அளக்கும் ஒரு ஃபோட்டோடயோடு. 900 முதல் 1700 நானோமீட்டர் வரை பார்ப்பதால் ஃபைபரில் வழக்கமான 1310, 1550 அலைநீளங்கள் இரண்டுக்கும் இது ஒன்றே போதும். யூஎஸ்பியில் செருகினால் திரையில் பொவான்கரே கோளமும் (ஒவ்வொரு போலரைசேஷன் நிலையையும் ஓர் இடமாகக் காட்டும் கோளம்) அதன்மேல் ஒரு புள்ளியும் தெரியும். கோணத் துல்லியம் கால் டிகிரி.

25 கிலோமீட்டர் ஃபைபர் சுற்றிய ஸ்பூலைப் பூட்டிவிட்டு ஏசியை அணைத்துப் பாருங்கள். அறை சூடாகச் சூடாகப் புள்ளி கோளத்தின்மேல் ஊர ஆரம்பிக்கும். பேட்ச்கார்டை (கருவியோடு இணைக்கும் சிறு ஃபைபர் கம்பி) லேசாகத் தூக்கினாலே எங்கோ தாவிவிடும். புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். பேட்ச்கார்டை மேசையோடு டேப் போட்டு ஒட்டாமல் யாரையும் அளவெடுக்க விடமாட்டேன்.

வேகம்தான் இதன் எல்லை. தகடு சுழன்றாக வேண்டும் என்பதால் நொடிக்கு அதிகபட்சம் 400 அளவீடுகள்தான். வெயில் ஏறி இறங்குவதால் வரும் நகர்வுக்கு அது தாராளம். மின்கோபுரங்களின் உச்சியில் தரைக்கம்பிக்குள் போகும் ஃபைபரின் கதை வேறு. அங்கே மின்னல் விழுந்தால் மின்னோட்டத்தின் காந்தப்புலம் ஃபாரடே விளைவால் போலரைசேஷனை மைக்ரோநொடிகளில் சுழற்றிவிடும். அதைப் பிடிக்க நொடிக்குப் பத்து லட்சம் மாதிரி எடுக்கும் கருவிகள் இருக்கின்றன, அவற்றைத் தேடுங்கள்.

வாங்குபவர்கள் அதிகம் குழம்பும் இடம் கோஹரன்ட் சானல், அதாவது ஒளியின் கட்டத்திலும் போலரைசேஷனிலும் தரவை ஏற்றி அனுப்பும் சானல். 100ஜியில் (நொடிக்கு 100 ஜிகாபிட்) இரண்டு போலரைசேஷனிலும் தனித்தனித் தரவு ஓடுவதால், போலரைசேஷன் அளவு (ஒளியில் எவ்வளவு பங்கு ஒரே நிலையில் இருக்கிறது என்பது) பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். புள்ளி கோளத்தின் மையத்துக்கு ஒடுங்கிவிடும். கருவி பழுதில்லை, சிக்னலின் இயல்பே அது. அங்கே ரிசீவரின் டிஎஸ்பியே (சிக்னலைக் கணக்கிட்டுச் சீராக்கும் சில்லு) போலரைசேஷனைப் பின்தொடர்கிறது, அந்த எண்களைக் கேட்டு வாங்குங்கள். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சிலியின் வால்பரைசோ வரை போகும் கியூரி கடலடிக் கேபிளில், ரிசீவர்கள் தந்த அந்த எண்களை வைத்தே நிலநடுக்கங்களையும் கடல் அலைகளையும் கண்டுகொண்டார்கள். 2021இல் அந்த ஆய்வுக் கட்டுரை வந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

பிஎம்டி, அதாவது இரண்டு போலரைசேஷன்களும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும் தாமத வேறுபாடு, அளக்க இது மட்டும் போதாது, அலைநீளத்தை மாற்றக்கூடிய டியூனபிள் லேசரும் வேண்டும். அலைநீளத்தை மாற்ற மாற்றப் புள்ளி வரையும் வில்லிலிருந்து தாமத வேறுபாட்டைக் கணக்கிடலாம். பழைய ஃபைபர் உள்ளவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இது. பழைய தர வகையான ஜி.652ஏ ஃபைபருக்கான வரம்பு, கிலோமீட்டரின் வர்க்கமூலத்துக்கு 0.5 பைக்கோ விநாடி. 400 கிலோமீட்டர் போனால் 10 பைக்கோ விநாடி ஆகிவிடும். 10ஜி லிங்க் தாங்குவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். புதிய வகையான ஜி.652டி என்றால் அதே தூரத்துக்கு 4 பைக்கோ விநாடி.

பத்து ஜி லிங்குகளும் ஆய்வகமும் வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். டிடபிள்யூடிஎம்மில் (ஒரே ஃபைபரில் பல அலைநீளங்களில் பல சானல்களை அனுப்பும் முறை) மாட்டுவதானால் ஒரு சானலை மட்டும் விடும் ஃபில்டரை முன்னால் போடுங்கள். எல்லா அலைநீளங்களும் கலந்து உள்ளே போனால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.