நடு இருக்கையில் தொடங்கிய மலச்சிக்கல்

மூன்று வார விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். முதல் ஐந்து நாள் ஒரே கவலையில் போயிற்று: வயிறு இறங்கவே இல்லை. சொல்லக் கூச்சமான விஷயம்தான். ஆனால் நெடுந்தூரம் பறந்து வருகிற பலருக்கும் நடப்பதால் எழுதுகிறேன்.

முதலில் போனது மருந்துக் கடைக்கு. வயது என்ன, வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று எதையும் கேட்காமல் ஒரு மலமிளக்கியை எடுத்து நீட்டினார்கள். இரவெல்லாம் வயிற்றை முறுக்கி, விடியற்காலையில் எல்லாம் போனது. அப்புறம் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மறுபடி சிக்கல் என்று பயந்து இன்னொன்றைப் போட இருந்தேன். காலியான குடல் நிரம்பவே ஓரிரு நாள் ஆகும் என்பது அப்போது தெரியாது.

அடுத்து ஒரு பொது மருத்துவர். ஒன்றரை மணி நேரம் காத்திருப்பு, உள்ளே பத்து நிமிடம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை அவர் வீணாக்கவில்லை. தினமும் போகாததெல்லாம் நோய் இல்லை என்றார். வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவு, கட்டி கட்டியாக வருவது, முக்க வேண்டியிருப்பது, போன பிறகும் பாக்கி இருப்பது போன்ற உணர்வு, இவைதான் கணக்கு. பிறகு என் மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்னார். இரும்புச்சத்தும் கால்சியமும் இருந்தன. இரண்டுமே மலத்தை இறுக்கக்கூடியவை. கோடீன் கலந்த வலி மாத்திரையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படியே. தைராய்டு குறைந்தாலும் குடல் மந்தமாகும் என்று ரத்தப் பரிசோதனை எழுதினார். அது சரியாகவே இருந்தது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, நடுவயதுக்கு மேல் திடீரென்று பழக்கம் மாறுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மலமிளக்கியோடு நாள் கடத்தக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

அத்தையின் வற்புறுத்தலால் ஆயுர்வேத வைத்தியரிடமும் போனேன். அவர் முக்கால் மணி நேரம் பேசினார். நாடி பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வியே என்னை மடக்கிவிட்டது: “வந்தா உடனே போவீங்களா, அடக்குவீங்களா?”

விமானத்தில் எனக்கு நடு இருக்கை. வழிப்பக்கம் இருந்தவர் அசந்து தூங்கினார். எழுப்பச் சங்கடப்பட்டு அடக்கினேன். வீட்டுக்கு வந்தால் ஒரே கழிவறைக்கு ஆறு பேர். அங்கேயும் அடக்கினேன்.

கீழ்நோக்கித் தள்ளுவது அபான வாயுவின் வேலை. அடக்கினால் அது வழி மாறும் என்றார் வைத்தியர். அடக்கக் கூடாத வேகங்கள் (உடலின் இயற்கை உந்துதல்கள்) என்று பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை 13-ஐச் சொல்கிறது, அதில் மலமும் ஒன்று. அடக்கினால் வயிற்று வலி, தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் வரும் என்றும் இருக்கிறதாம். கெண்டைக்கால் பிடிப்புக்கு விமான இருக்கையே போதும் என்று நான் நினைத்துக்கொண்டேன். என்னுடையது வாதம் மிகுந்த ‘குரூர கோஷ்டம்’, அதாவது எளிதில் இளகாத குடல் என்றார்.

சொற்கள்தான் வேறு. மலக்குடல் விரியும்போது உந்துதல் வரும். அடக்க அடக்க அந்த உணர்வு மழுங்கும். தங்கிய மலத்திலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அது இன்னும் இறுகும். பொது மருத்துவர் சொன்னது இதுதான். காலையில் சாப்பிட்டதும் குடல் அசைவது இயற்கை, நேர மண்டலம் மாறினால் அந்தக் கடிகாரமும் குழம்பும் என்பதையும் அவரே சொல்லியிருந்தார்.

வைத்தியர் முதலில் எழுதிய சூரணத்தில் நிலாவரை இருந்தது. கடை மாத்திரையின் அட்டையைக் காட்டினேன். அதிலும் சென்னா, அதாவது அதே நிலாவரை! மூலிகை என்றால் முறுக்காது என்று யார் சொன்னது? அவரும் சிரித்துவிட்டுத் திரிபலாவுக்கு மாற்றினார். ஆனால் எட்டு நாள் வஸ்திக்கு, அதாவது ஆசனவாய் வழியாக மருந்து செலுத்தும் சிகிச்சைக்கு, நான் ஒப்புக்கொள்ளவில்லை. மாத்திரைப் பையை அவர் கேட்கவே இல்லை என்பதும் எனக்குக் குறைதான்.

இரும்பு மாத்திரையை மருத்துவர் சொன்னபடி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டேன். நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டாமல் தண்ணீரோடு மெல்லக் கூட்டினேன். காலை உணவு முடிந்ததும், பாதங்களைச் சிறு முக்காலியில் உயர்த்தி அவசரமில்லாமல் உட்கார்ந்தேன். அந்தப் பத்து நிமிடம் எனக்கு என்று வீட்டில் சொல்லியும் வைத்தேன். நான்காம் நாள் வழிக்கு வந்தது.

திரும்பும் பயணத்துக்கு வழிப்பக்க இருக்கைக்கு மாற்றிக்கொண்டேன்.