ஐ.எஃப்.எஸ்., ஐ.ஏ.எஸ்., அமைச்சக உதவிப் பிரிவு அலுவலர்: மதுரைப் பட்டதாரிக்கு எது பொருந்தும்?

ரேஸ்கோர்ஸ் பக்கம் இருக்கும் மண்டல பாஸ்போர்ட் அலுவலகம்தான் மதுரைக்காரர்கள் நேரில் பார்க்கும் ஒரே வெளியுறவு அமைச்சக அலுவலகம். அந்த அமைச்சகத்தில் சேர யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு ஒன்றே வழி என்று பலர் நினைக்கிறார்கள். மத்திய பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வு வழியாக, உதவிப் பிரிவு அலுவலராகவும் போகலாம். இன்னொரு பக்கம், யு.பி.எஸ்.சி. எழுதுகிறவர் ஐ.ஏ.எஸ்.ஸா (இந்திய ஆட்சிப் பணி) ஐ.எஃப்.எஸ்.ஸா (இந்திய வெளியுறவுப் பணி) என்று விருப்ப வரிசையில் தீர்மானித்தாக வேண்டும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஐ.ஏ.எஸ். - ஐ.எஃப்.எஸ். தேர்வு ஒன்று, தொடக்கச் சம்பளமும் ஒன்று: ஊதியப் பட்டியலில் 10-ஆம் நிலை, அடிப்படை ரூ.56,100. இடங்களில்தான் வேறுபாடு. 2024 தேர்வில் ஐ.ஏ.எஸ்.ஸுக்கு 180, ஐ.எஃப்.எஸ்.ஸுக்கு 55. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஐ.எஃப்.எஸ். இடங்கள் 40-ஐக்கூடத் தொடவில்லை.

"ஐ.ஏ.எஸ். என்றால் ஊர்ப்பக்கம் இருக்கலாம்" என்ற கணக்கு பெரும்பாலும் பொய்த்துப்போகும். சொந்த மாநிலத்தவருக்கும் வெளியாருக்கும் 1:2 என்ற விகிதத்தில்தான் கேடர், அதாவது பணிபுரியும் மாநிலம், ஒதுக்குகிறார்கள். மணிப்பூரோ ஜார்க்கண்டோ கிடைத்தால் பணிக்காலத்தின் பெரும்பகுதி அங்கேதான். ஆனாலும் 30 வயதுக்குள் ஒரு மாவட்டத்தைக் கையில் எடுத்துக் குடிநீர், பள்ளி, நிலம் என்று இறங்கி வேலை பார்க்க ஆசைப்படுகிறவருக்கு ஐ.ஏ.எஸ்.ஸை விட்டால் வேறில்லை. ஐ.எஃப்.எஸ்.ஸில் அந்த வயதில் அப்படி நேரடி அதிகாரம் வராது.

ஐ.எஃப்.எஸ். அதிகாரி முசௌரியில் அடிப்படைப் பயிற்சி முடித்து, டெல்லியில் சுஷ்மா சுவராஜ் வெளியுறவுப் பணி நிறுவனத்தில் படிக்கிறார். பிறகு ஒரு மொழியை ஒதுக்குகிறார்கள். அரபு என்றால் கெய்ரோ, சீனம் என்றால் பெய்ஜிங் என்று மூன்றாம் செயலராக (தூதரகத்தின் தொடக்கநிலை அதிகாரி) அனுப்பி, அங்கேயே கற்க வைப்பார்கள். அந்த மொழித் தேர்வில் தேறினால்தான் பணி உறுதியாகும். கேட்ட மொழியே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ரேங்க்கும் அமைச்சகத்தின் தேவையும் சேர்ந்துதான் முடிவு செய்யும்.

ஓர் ஊரில் ஏறக்குறைய 3 ஆண்டு, கடினமான ஊர் என்றால் 2 ஆண்டு, இடையில் டெல்லி. ஊர்களை வசதி பார்த்துத் தரம் பிரித்திருக்கிறார்கள். நல்ல ஊரில் இருந்தவர் அடுத்துக் கடினமான ஊருக்குப் போகத் தயாராக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் படிக்கு வருமான வரி இல்லை என்பது பெரிய சலுகைதான். ஆனால் வாழ்க்கைத்துணையின் வேலையை முன்கூட்டியே யோசியுங்கள். இந்தியாவோடு அதற்கான ஒப்பந்தம் உள்ள நாடுகளில்தான் அவர் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியும். பெண்களுக்கு ஒருகாலத்தில் இதைவிடப் பெரிய தடை இருந்தது: திருமணத்துக்கே அரசின் அனுமதி வேண்டும் என்றது விதி. 1949-இல் சேர்ந்த முதல் பெண் அதிகாரி சி.பி. முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். 1979 தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தப் பாகுபாட்டைக் கடுமையாகச் சாடினார்.

விருந்தும் கைகுலுக்கலும் இந்த வேலையின் சிறு பகுதிதான். இராமநாதபுரம் மீனவர்கள் இலங்கையில் பிடிபட்டால் சிறைக்குப் போய்ப் பார்ப்பது, வழக்கறிஞர் ஏற்பாடு, ஊர் திரும்பப் பயண ஆவணம் எல்லாம் யாழ்ப்பாணத் துணைத் தூதரகம் மாதிரி இடங்களில் நடக்கும் வேலை. வளைகுடாவில் இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்பும் காகிதங்களும் தூதரக மேசையில்தான் நகரும். நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதன் மதிப்பு நன்றாகத் தெரியும்.

ஒரு விதியை மறக்கவே கூடாது. ஐ.ஏ.எஸ்.ஸிலோ ஐ.எஃப்.எஸ்.ஸிலோ சேர்ந்து பணியில் இருப்பவர் குடிமைப் பணித் தேர்வை மறுபடி எழுத முடியாது. "இப்போதைக்கு ஐ.எஃப்.எஸ்., அடுத்த தடவை ஐ.ஏ.எஸ்." என்ற திட்டம் செல்லாது.

இனி சி.ஜி.எல். வழி. பணியின் பெயர் உதவிப் பிரிவு அலுவலர். 7-ஆம் நிலை, அடிப்படை ரூ.44,900, நேர்முகத் தேர்வு கிடையாது. டெல்லியில் தொடங்கி, பிறகு தூதரகங்களில் கணக்கு, நிர்வாகம், விசா, பாஸ்போர்ட் வேலைகள். வெளிநாட்டு வாழ்வும் படியும் இவருக்கும் உண்டு; கொள்கை வகுக்கும் இருக்கைக்கு வர மட்டும் பல பதவி உயர்வுகள், பல ஆண்டுகள் ஆகும். தூதராக வேண்டும் என்ற கனவோடு இதில் சேர்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உலகம் பார்க்க வேண்டும், நிலையான அரசு வேலையும் வேண்டும் என்பவருக்கு இது அருமையான வழி.

தமிழ்வழியில் படித்தவர் கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. சிறிய தேர்வு எளிது என்று எண்ணி சி.ஜி.எல். பக்கம் போகிறார்கள். அதன் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. ரேங்க்கைத் தீர்மானிக்கும் இரண்டாம் கட்டத்தின் 390 மதிப்பெண்ணில் ஆங்கிலப் பகுதிக்கு மட்டும் 135. கணக்கில் கெட்டிக்காரர்களும் ஆங்கிலத்தில்தான் பின்தங்குகிறார்கள். போதாததற்கு 15 நிமிடத் தட்டச்சுச் சோதனையிலும் தேற வேண்டும்.

பெரிய தேர்வான யு.பி.எஸ்.சி.யிலோ முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம், நேர்முகத்தையும் தமிழில் கேட்டுப் பெறலாம். இடறும் இடங்கள் இரண்டு. முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். முதன்மைத் தேர்வின் 300 மதிப்பெண் ஆங்கிலத் தாளில் 75 எடுக்காவிட்டால் மற்ற தாள்களின் மதிப்பெண் கணக்கில் வராது. ஆக, ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் வேண்டும். மேடையில் பேசும் அளவு வேண்டியதில்லை. புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து தினம் ஒரு ஆங்கிலத் தலையங்கத்தை வாசித்துத் தமிழில் ஒரு பக்கம் சுருக்கி எழுதினால் ஆங்கில வாசிப்புக்கும் தமிழ் எழுத்துக்கும் பயிற்சியாகும்.

இரண்டு தேர்வையும் சேர்த்து எழுதுவது ஆங்கிலமும் கணக்கும் கைவந்தவருக்கு மட்டுமே சரி. மற்றவர் யு.பி.எஸ்.சி.க்கே நேரத்தைக் கொடுக்கட்டும். பொதுப் பிரிவுக்கு 32 வயதுக்குள் 6 முயற்சி, ஓ.பி.சி.க்கு 35-க்குள் 9. சி.ஜி.எல். எழுதுகிறவர் பணி விருப்பப் பட்டியலில் வெளியுறவு அமைச்சகத்தை எத்தனையாவது இடத்தில் போடுகிறோம் என்பதை வீட்டில் பேசி முடிவெடுத்த பிறகே நிரப்புங்கள். கொடுத்த வரிசையைப் பிறகு மாற்ற விடமாட்டார்கள்.