மால்டாவா, கோசோவா?

மால்டா நாட்டில் பழங்காலக் கோயில், தேவாலயம், மீனவ ஊர் மூன்றும் உண்டு. இரண்டு மூன்று நாள்தான் கையில் இருக்கிறது என்றால் பெரிய தீவான மால்டாவைப் பார்ப்பதா, பக்கத்துக் கோசோவைப் பார்ப்பதா?

தேவாலயம் என்றால் போட்டியே இல்லை. தலைநகர் வல்லெட்டாவில் 1577இல் கட்டி முடித்த புனித யோவான் பேராலயத்துக்கு ஈடாகக் கோசோவில் எதுவும் கிடையாது. தரை முழுக்கச் சமயப் போர்வீரர்களின் கல்லறைப் பலகைகள். வண்ண வண்ணப் பளிங்கில் எலும்புக்கூடுகளும் கேடயங்களும் இழைத்திருப்பார்கள். உள்ளே, யோவானின் தலையைக் கொய்யும் காட்சியை இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608இல் வரைந்த ஓவியம். அவர் கையெழுத்திட்டதாகத் தெரிந்த ஒரே ஓவியம் அதுதான். கழுத்திலிருந்து வழிந்து தரையில் தேங்கிய ரத்தத்திலேயே பெயரை எழுதியிருக்கிறார். அதைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்கும் வரை நகராதீர்கள். கோசோவின் கோட்டைக்குள் இருக்கும் பேராலயத்துக்குக் குவிமாடமே இல்லை. தட்டையான கூரையில் 1739இல் அப்படியே குவிமாடம்போல் வரைந்துவிட்டார்கள். அழகுதான், ஆனாலும் வல்லெட்டா வல்லெட்டாதான்.

கோயில் விஷயத்தில் என் ஓட்டு கோசோவின் ஜிகன்தியாவுக்கு. கி.மு. 3600 வாக்கில் எழுப்பியது, எகிப்தின் பிரமிடுகளைவிடப் பழையது. வெளிச்சுவர் கெட்டியான பவளச் சுண்ணாம்புக்கல் என்பதால் இன்றும் திறந்த வானத்தின் கீழ் நிற்கிறது. மால்டாவின் ஹஜார் ஈம் கோயில் மென்மையான கல்லில் கட்டியது. மழையும் வெயிலும் அரிக்காமல் இருக்க 2009இல் மேலே கூடாரம் போட்டார்கள். தேவையான வேலைதான், ஆனால் கல்லும் வானமும் சேர்ந்து தெரியும் அந்தப் பிரமிப்பு போய்விட்டது.

மீனவ ஊர் என்றால் மால்டாவின் மார்சஷ்லொக். மஞ்சளும் நீலமும் சிவப்புமாய் லுட்ஸு படகுகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் வரைந்த இரண்டு கண்கள். ஆகஸ்ட் நடுவில் லம்பூக்கி மீன் பருவம் தொடங்கும். பனையோலை பரப்பிய மிதவைகளைக் கடலில் விடுவார்கள், நிழலுக்கு ஒதுங்கும் மீனைச் சுற்றி வளைத்துப் பிடிப்பார்கள். ஞாயிறு சந்தையில் கூட்டம் நெரிக்கும், படகு பார்க்க வார நாளே நல்லது. கோசோவின் ஷ்லென்டி இப்போது பெரும்பாலும் உணவகங்கள்தான்.

ஆகவே நாள் குறைவென்றால் மால்டாவிலேயே தங்குங்கள். கோயிலுக்காகவே போகிறவர்கள் மட்டும் கோசோவில் ஓர் இரவு தங்கலாம். மால்டாவின் சிர்கெவ்வா துறைமுகத்திலிருந்து படகில் 25 நிமிடம், திரும்பும்போதுதான் கட்டணம் வாங்குவார்கள்.